அலகுச் சோதனையில் போலிப் பொருள்: இயல்பின் பெறுமானத்தை நாமே கொடுத்துச் சோதித்தல்

முறைமை விருத்தி வாழ்க்கை வட்டத்தில் சோதித்தல் எனும் படிமுறையை நீங்கள் கற்றிருப்பீர்கள். அதில் முதலில் செய்யப்படுவது அலகுச் சோதனையாகும். “மென்பொருளின் சிறிய பகுதியொன்றைத் தனியே எடுத்துச் சோதித்தல்” என்ற வரைவிலக்கணத்தை மாணவர்கள் பெரும்பாலும் பிழையின்றி எழுதிவிடுகின்றனர். ஆனால் அதிலுள்ள “தனியே” என்ற சொல் எதைக் குறிக்கின்றது என்று கேட்டால் வகுப்பே மௌனமாகிவிடும். இக்கட்டுரை அந்த ஒரு சொல்லைப் பற்றியதே.

செய்நிரலொன்றின் அலகு உண்மையில் தனியே இருப்பதில்லை. ஒரு சார்பு கடிகாரத்தைப் பார்த்து இன்றைய திகதியை அறிகின்றது. இன்னொன்று பற்றரியில் எவ்வளவு மின் எஞ்சியுள்ளது என்று பார்க்கின்றது. மற்றொன்று தரவுத்தளத்திலிருந்து ஒரு மாணவரின் புள்ளியை எடுக்கின்றது. இவ்வாறு பிற பொருள்களின் இயல்புகளை வாசித்தே பெரும்பாலான அலகுகள் தொழிற்படுகின்றன. அந்தப் பிற பொருள்கள் நமது கட்டுப்பாட்டில் இல்லாதபோது அலகை எவ்வாறு தனியே சோதிப்பது?

இது வெறும் ஏட்டுப் பிரச்சினையன்று. உண்மையாக நடந்த ஒரு சம்பவத்தைப் பார்ப்போம்.

2006ஆம் ஆண்டு நவெம்பர் மாதத்தில் மைக்ரோசொப்ட் நிறுவனம் சூன் 30 எனும் கையடக்கப் பாட்டுக் கருவியை ஐக்கிய அமெரிக்காவில் விற்பனைக்கு விட்டது. (அக்கருவி இப்போது விற்பனையில் இல்லை.) இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக அது திகதி தொடர்பான எந்தச் சிக்கலும் இன்றி இயங்கியது. 2008 டிசெம்பர் 31ஆந் திகதி அந்த மாதிரியைச் சேர்ந்த கருவிகள் ஒரே நாளில் உறைந்து நின்றன. கருவி ஆரம்பிக்கும்போது தோன்றும் திரைக்கு அப்பால் அவை செல்லவில்லை. பற்றரி முற்றாகத் தீரும்வரை விட்டு, கிறீனிச் நேரப்படி 2009 ஜனவரி 1 நண்பகலுக்குப் பின்னர் மீண்டும் மின்னேற்றுமாறு நிறுவனம் பாவனையாளர்களுக்கு அறிவித்தது. அவ்வாறு செய்தபோது கருவிகள் தாமாகவே சரியாயின. எந்தத் திருத்தமும் செய்யாமலே சரியாகிவிட்ட அந்த வழு எங்கே இருந்தது?

கருவியின் கடிகாரச் சில்லைக் கையாளும் மென்பொருள் பகுதியில்தான் இருந்தது. அச்சில்லு 1980 ஜனவரி 1ஐ 1ஆம் நாளாகக் கொண்டு நாட்களை எண்ணிக்கொண்டே வரும். அந்த எண்ணிலிருந்து இது எந்த ஆண்டு என்று கணிப்பது ஒரு சிறிய சார்பின் வேலை. அதன் கருத்தை உங்களுக்குப் பழக்கமான போலிக்குறியில் கீழே தந்துள்ளோம். (போலிக்குறிக்கும் தலைப்பிலுள்ள போலிப் பொருளுக்கும் தொடர்பில்லை, குழம்ப வேண்டாம்.)

சார்பு ஆண்டைக்காண்(கடிகாரம்)
  நாட்கள் ← கடிகாரம்.நாளெண்
  ஆண்டு ← 1980
  நாட்கள் > 365 ஆக இருக்கும்வரை செய்
    ஆண்டு நெட்டாண்டு எனின்
      நாட்கள் > 366 எனின்
        நாட்கள் ← நாட்கள் − 366
        ஆண்டு ← ஆண்டு + 1
    இன்றேல்
      நாட்கள் ← நாட்கள் − 365
      ஆண்டு ← ஆண்டு + 1
  ஆண்டைத் திருப்பு

முதலில் ஒரு சாதாரண நாளைக் கொடுத்துப் பாருங்கள். நாளெண் 10000 எனின் அது 2007 மே 18 ஆகும். ஒவ்வோர் ஆண்டாகக் கழித்துக்கொண்டு வந்தால் 2006ஆம் ஆண்டின் முடிவுவரை 9862 நாட்கள் கழியும். எஞ்சுவது 138. அது 365இலும் குறைவு என்பதால் மீள்செயல் முடிவடைந்து 2007 எனும் சரியான விடை கிடைக்கின்றது.

இப்போது 2008 டிசெம்பர் 31ஐ எடுங்கள். 1980 முதல் 2008 வரை 29 ஆண்டுகள். அவற்றுள் 366 நாட்கள் கொண்ட நெட்டாண்டுகள் 8. எனவே நாளெண் 29 × 365 + 8 = 10593. 2007ஆம் ஆண்டின் முடிவுவரை கழித்தபின் எஞ்சுவது 366. இனிக் கவனமாகத் தடம் பற்றுங்கள். 366 > 365 என்பது உண்மை. ஆகவே மீள்செயலுக்குள் செல்கின்றோம். 2008 நெட்டாண்டு என்பதும் உண்மை. 366 > 366 என்பதோ பொய். ஆகவே கழித்தல் நடைபெறாது, ஆண்டும் கூடாது. எதுவும் மாறாத நிலையில் மீண்டும் நிபந்தனைக்கு வருகின்றோம். 366 > 365 இன்னமும் உண்மைதான். இம்மீள்செயல் ஒருபோதும் முடிவடையாது. கருவி உறைந்ததற்குக் காரணம் இதுவே.

மறுநாள் நாளெண் 10594. எஞ்சுவது 367. 367 > 366 உண்மையாதலால் 366 கழிக்கப்பட்டு 1 எஞ்சும், ஆண்டு 2009 ஆகும். நாள் மாறியதும் கருவிகள் தாமாகவே சரியானதன் காரணம் இப்போது விளங்குகின்றதல்லவா? சூன் 30 வெளிவந்த பின்னர் அது சந்தித்த முதலாவது நெட்டாண்டு இறுதிநாள் 2008 டிசெம்பர் 31 ஆகும். ஆகவே 2006இல் ஒருவர் கருவியைக் கையில் வைத்து மாதக்கணக்காகச் சோதித்திருந்தாலும் உண்மைக் கடிகாரத்தைக் கொண்டு இவ்வழுவைக் கண்டிருக்க முடியாது. இரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும், அல்லது கடிகாரம் பொய் சொல்ல வேண்டும்.

கடிகாரத்தைப் பொய் சொல்ல வைப்பதுதான் நமது பாடம்.

உண்மைப் பொருளைப் போலவே வெளித்தோற்றத்தில் அமைந்து, நாம் விரும்பும் பெறுமானத்தைத் தரும் பொருளைப் போலிப் பொருள் என்கின்றோம். ஆங்கிலத்தில் மொக் என்பர். ரிம் மெக்கினன், ஸ்ரீவ் பிறீமன், பிலிப் கிறேக் ஆகிய மூவரும் 2000ஆம் ஆண்டில் சமர்ப்பித்த ஆய்வுக் கட்டுரையொன்றின் மூலம் இச்சொல் மென்பொருட் துறையில் பரவியது. இன்று அநேகமாக எல்லாச் செய்நிரலாக்க மொழிகளிலும் இதற்கான கருவிகள் உண்டு. பைதன் மொழியில் 2012ஆம் ஆண்டு வெளிவந்த 3.3ஆம் பதிப்பிலிருந்து இது மொழியுடனேயே வருகின்றது.

நமது சார்புக்கான சோதனையை இவ்வாறு எழுதலாம்.

போலி ← கடிகாரம் எனும் வகுப்பின் போலிப் பொருள்
போலி.நாளெண் ← 10593
விடை ← ஆண்டைக்காண்(போலி)
விடை = 2008 என்பதை உறுதிசெய்

நான்கே வரிகள். இங்கு சோதிக்கப்படும் சார்பில் ஓர் எழுத்தைக்கூட நாம் மாற்றவில்லை என்பதைக் கவனிக்கவும். சார்பு வழமைபோலக் கடிகாரத்தின் நாளெண் எனும் இயல்பை வாசிக்கின்றது. அதற்குக் கிடைப்பதோ நாம் வைத்த பெறுமானம். “தனியே எடுத்து” என்பதன் பொருள் இதுதான்: அலகைச் சூழவுள்ள பொருள்களை நம் கட்டுப்பாட்டிற்குள் கொண்டுவந்து, அலகின் தருக்கத்தை மட்டும் சோதித்தல்.

எந்தப் பெறுமானங்களைக் கொடுப்பது? 10000 போன்ற நடுப்பகுதிப் பெறுமானங்கள் வழுவைக் காட்டமாட்டா. எல்லையிலும் அதன் இருபுறமும் உள்ள பெறுமானங்களைக் கொடுக்க வேண்டும். இங்கு 10592, 10593, 10594. எதிர்பார்க்கப்படும் விடைகள் முறையே 2008, 2008, 2009. முதலாவதும் மூன்றாவதும் சித்தியடையும். இரண்டாவது முடிவடையாமல் நிற்கும். முடிவடையாத சோதனை “பிழை” என்று அறிவிக்காது, பேசாமல் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகையால் இத்தகைய சோதனைகளுக்கு நேர எல்லையொன்றை வைத்தல் வேண்டும். சில செக்கன்களுள் விடை வராவிடின் சோதனை தோல்வி எனக் கொள்ளப்படும்.

கெட்டிக்கார மாணவர் ஒருவர் இவ்விடத்தில் ஒரு கேள்வி கேட்பார். “சேர், சார்புக்குக் கடிகாரத்தைக் கொடுக்காமல் 10593 எனும் எண்ணையே பரமானமாகக் கொடுத்தால் போலிப் பொருளே தேவையில்லையே?” மிகச் சரியான கேள்வி. அவ்வாறு எழுத முடியுமாயின் அவ்வாறே எழுதுங்கள். போலிப் பொருள் இன்றிச் சோதிக்கக்கூடிய சார்பே நல்ல சார்பு என்பது எமது கருத்து. ஆயினும் ஏற்கெனவே எழுதப்பட்ட பெரிய செய்நிரல்களில் பொருளொன்று இன்னொரு பொருளின் இயல்பை வாசிப்பதைத் தவிர்க்க முடியாது. அங்கேதான் போலிப் பொருள் உதவுகின்றது.

இனி இயல்பு என்பதை இன்னும் சற்று நெருங்கிப் பார்ப்போம். மாணவர்கள் பலர் இடறுவது இங்கேதான்.

பொருளொன்றின் முறையை அழைக்கும்போது அடைப்புக்குறி இடுகின்றோம். இயல்பை வாசிக்கும்போது இடுவதில்லை. கடிகாரம்.நாளெண் என்று எழுதும்போது அது பெட்டியில் வைத்த ஓர் எண்ணை எடுப்பது போலத் தோன்றும். ஆனால் பல மொழிகளில் இயல்பின் பின்னால் ஒரு சிறு சார்பு மறைந்திருக்கும். நீங்கள் நாளெண்ணைக் கேட்டவுடன் அச்சார்பு சில்லை அணுகி எண்ணை வாசித்துத் தரும். வாசிக்க மட்டுமே அனுமதித்து, எழுதுவதற்கு இடமளிக்காத இயல்புகளும் உண்டு. உண்மைக் கடிகாரப் பொருளை எடுத்து நாளெண் ← 10593 என எழுத முயன்றால் இத்தகைய இயல்பு வழுச்செய்தியையே தரும். கடிகாரத்தின் வகுப்பை வடிவமைத்தவர் வேண்டுமென்றே போட்ட பூட்டு அது.

அப்படியாயின் அந்த இயல்பை எவ்வாறு போலியாக்குவது? இங்கு நினைவில் வைக்க வேண்டிய விடயம், இவ்வகை இயல்பு பொருளில் அன்றி வகுப்பில் வரையறுக்கப்படுகின்றது என்பதாகும். கடிகாரம் எனும் வகுப்பிலிருந்து பத்துப் பொருள்களை உருவாக்கினாலும் நாளெண்ணை வாசிக்கும் அந்தச் சிறு சார்பு ஒன்றுதான். அது வகுப்பிலேயே இருக்கின்றது. ஆகவே மாற்றீட்டையும் வகுப்பின் மட்டத்திலேயே வைத்தல் வேண்டும். பைதன் மொழியில் இதற்கெனவே புரொப்பட்டிமொக் என்றொரு தனி வகுப்பு உண்டு. அதைப் பொருளொன்றில் பொருத்தினால் நாம் எதிர்பார்த்த எண் வராது. வகுப்பில் பொருத்தினால் மட்டுமே சரியாகத் தொழிற்படும். பழக்கமுள்ள செய்நிரலாளர்களும் முதன்முறை இதில் தடுமாறுவதுண்டு.

வகுப்பை மாற்றினால் அவ்வகுப்பைச் சேர்ந்த எல்லாப் பொருள்களும் மாறிவிடும். ஆகையால் சோதனை முடிந்தவுடன் பழைய இயல்பை மீள வைத்தல் கட்டாயமாகும். பாடசாலையில் நாடகத்துக்காக மண்டபத்துக் கடிகாரத்தின் முள்ளைத் திருப்பி வைத்துவிட்டு, நாடகம் முடிந்ததும் அதைச் சரிசெய்ய மறந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். அடுத்த சோதனைகள் யாவும் 2008 டிசெம்பர் 31 என்றே நம்பிக்கொண்டு ஓடும். அவற்றுள் சில காரணமின்றித் தோற்கும். இன்னும் மோசமாக, சில காரணமின்றிச் சித்தியடையும். பைதனின் பாட்ச் எனும் வசதி சோதனை முடிந்ததும் உண்மை இயல்பைத் தானாகவே மீட்டுவிடும். கையால் மாற்றுவதிலும் அதைப் பயன்படுத்துவதே பாதுகாப்பானது.

போலி இயல்பு ஒரே பெறுமானத்தைத்தான் தர வேண்டும் என்பதில்லை. முதல்முறை வாசிக்கும்போது 10593, இரண்டாம் முறை 10594 என வரிசையாகத் தருமாறும் செய்யலாம். இது எதற்கு? ஒரு செய்நிரல் நாளெண்ணை இருமுறை வாசிக்கின்றது என வைத்துக்கொள்வோம்: ஒருமுறை ஆண்டைக் கணிக்க, மறுமுறை நாளைக் கணிக்க. இரு வாசிப்புகளுக்கும் இடையில் நள்ளிரவு கடந்தால் பழைய ஆண்டும் புதிய ஆண்டின் நாளும் சேர்ந்து தவறான திகதி உருவாகும். உண்மைக் கடிகாரத்தில் இக்கணத்தைப் பிடிப்பது அரிது. போலியில் ஒரு வரி போதும். இயல்பு எத்தனை முறை வாசிக்கப்பட்டது என்பதையும் போலிப் பொருள் எண்ணி வைத்திருக்கும். ஒருமுறை மட்டுமே வாசிக்கப்பட்டதா என்று சோதனையில் கேட்கவும் முடியும்.

இங்கு ஒரு பெயர் வேறுபாட்டையும் அறிந்திருப்பது நன்று. வைத்த பெறுமானத்தைத் தருவதுடன் நின்றுவிடும் போலியை ஸ்டப் என்றும், தன்னை எவ்வாறு பயன்படுத்தினார்கள் என்பதையும் சரிபார்க்கும் போலியை மொக் என்றும் பிரித்துக் கூறுவர். ஜெராட் மெசாரோஸ் 2007இல் வெளியிட்ட நூலில் இப்பிரிவுகள் விரிவாகத் தரப்பட்டுள்ளன. அன்றாடப் பேச்சில் இரண்டையும் மொக் என்றே சொல்லிவிடுகின்றனர்.

இதுவரை போலிப் பொருளின் நன்மைகளைப் பார்த்தோம். அதனை அளவுக்கு மீறி நம்புவதன் ஆபத்தையும் பார்க்க வேண்டும். போலிப் பொருள் நாம் சொல்லிக் கொடுத்ததையே திருப்பிச் சொல்கின்றது. நாம் தவறாகச் சொல்லிக் கொடுத்தால் அதுவும் தவறாகவே சொல்லும். சோதனையோ பச்சை நிறத்தில் சித்தி என்று காட்டும்.

முதலாவது ஆபத்து பெயர்ப் பிழை. பைதனின் சாதாரண மொக் பொருள் மிகவும் இணக்கமானது. எந்தப் பெயரில் இயல்பைக் கேட்டாலும் “இல்லை” என்னாது. அந்தப் பெயரில் இன்னொரு போலிப் பொருளை உடனே உருவாக்கித் தந்துவிடும். பற்றரி எனும் வகுப்பில் நிறைந்தது எனும் இயல்பு இருக்க, செய்நிரலில் தவறுதலாக பற்றரி.நிரைந்தது என எழுதியதாகக் கொள்வோம். உண்மைப் பற்றரிப் பொருளெனின் அத்தகைய இயல்பு இல்லையென வழுச்செய்தி வரும். போலியோ ஒரு பொருளைத் தரும். நிபந்தனைக் கூற்றில் அப்பொருள் உண்மை எனவே கொள்ளப்படும். ஆகவே “பற்றரி நிறைந்தால் மின்னேற்றத்தை நிறுத்து” எனும் பகுதிக்கான சோதனை, எழுத்துப் பிழையுடனேயே சித்தியடைந்துவிடும். இதனைத் தவிர்க்கப் போலியை உருவாக்கும்போதே உண்மை வகுப்பை அதற்கு மாதிரியாகக் காட்ட வேண்டும். அப்போது வகுப்பில் இல்லாத பெயரைக் கேட்டால் போலியும் வழுச்செய்தி தரும். மேலே நாம் “கடிகாரம் எனும் வகுப்பின் போலிப் பொருள்” என எழுதியதன் காரணம் இதுவே.

இரண்டாவது ஆபத்து பெயரில் அன்றிப் பெறுமானத்தின் பொருளில் உள்ளது. 1980 ஜனவரி 1 என்பது 1ஆம் நாளா, 0ஆம் நாளா? 0 என்று தவறாக எண்ணிக்கொண்ட ஒருவர் 2008 டிசெம்பர் 31க்கு 10592 எனும் பெறுமானத்தைக் கொடுப்பார். சார்பு 2008 என விடை தரும். சோதனை சித்தியடையும். உண்மைக் கருவியோ அன்று உறைந்து நிற்கும். வகுப்பை மாதிரியாகக் காட்டியிருந்தாலும் இப்பிழையைப் பிடிக்க முடியாது. ஏனெனில் பெயர் சரி, எண்ணும் எண்தான்.

இத்தகைய பிழை எவ்வளவு பெரிய இழப்பைத் தரும் என்பதற்கு 1999 செப்தெம்பர் 23ஆந் திகதி செவ்வாய்க் கோளை அடைந்தபோது இழக்கப்பட்ட மார்ஸ் கிளைமேட் ஓபிற்றர் விண்கலம் சான்றாகும். தரையில் இயங்கிய ஒரு மென்பொருள் கணத்தாக்கைப் பவுண்டு விசை செக்கனில் தந்தது. அதனைப் பெற்றுக்கொண்ட மென்பொருள் அது நியூற்றன் செக்கனில் இருப்பதாக எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு பகுதியையும் தன் எண்ணப்படியான போலியுடன் தனியே சோதித்தால் இரண்டுமே சித்தியடையக்கூடும். இரண்டையும் இணைத்துப் பார்க்கும்போதே முரண்பாடு வெளிப்படும். அலகுச் சோதனைக்கு அடுத்ததாக ஒருங்கிணைப்புச் சோதனை வைக்கப்பட்டிருப்பது இதற்காகவே. வினாத்தாளில் இவ்விரண்டுக்குமிடையிலான வேறுபாட்டைக் கேட்டால், “முதலாவது சிறியது, இரண்டாவது பெரியது” என எழுதிவிட்டு நிற்காமல், ஒவ்வொன்றும் எவ்வகை வழுவைக் கண்டுபிடிக்கின்றது என்பதை எழுதுங்கள்.

பயிற்சி வினா

பாடசாலை நூலகச் செய்நிரலொன்றில் இரவல் எனும் வகுப்பு உள்ளது. அதன் தாமதநாட்கள் எனும் இயல்பு, கணினியின் இன்றைய திகதியையும் நூலை ஒப்படைக்க வேண்டிய திகதியையும் கொண்டு கணிக்கப்படுகின்றது. தண்டம் எனும் சார்பு இவ்வியல்பை வாசித்துத் தண்டப்பணத்தைத் தருகின்றது. தாமதம் 7 நாட்கள் வரை எனின் நாளொன்றுக்கு 2 ரூபா. 7 நாட்களுக்கு மேற்படின் முழு நாட்களுக்கும் நாளொன்றுக்கு 5 ரூபா. தாமதம் இல்லையெனின் தண்டம் இல்லை.

(அ) தண்டம் எனும் சார்பைச் சோதிக்கப் போலி இரவல் பொருளொன்றைப் பயன்படுத்துவதன் அனுகூலம் ஒன்று தருக.
(ஆ) தாமதநாட்கள் எனும் இயல்புக்குக் கொடுக்கத்தக்க நான்கு பெறுமானங்களையும் எதிர்பார்க்கும் வெளியீடுகளையும் எழுதுக.
(இ) இச்சோதனைகள் யாவும் சித்தியடைந்த பின்னரும் நூலகத்தில் தவறான தண்டம் அறவிடப்படக்கூடிய சந்தர்ப்பம் ஒன்றைக் குறிப்பிட்டு, அதனைக் கண்டறியும் சோதனை வகையைப் பெயரிடுக.

விடை

(அ) இன்றைய திகதி எதுவாயினும் வேண்டிய தாமதநாட்களை உடனே கொடுத்துச் சோதிக்கலாம். உண்மையில் 8 நாட்கள் கடக்கும்வரை காத்திருக்கவோ கணினியின் திகதியை மாற்றவோ தேவையில்லை.

(ஆ) 0 எனின் 0 ரூபா. 1 எனின் 2 ரூபா. 7 எனின் 14 ரூபா. 8 எனின் 40 ரூபா. நூலை முன்கூட்டியே ஒப்படைப்பவருக்கு −1 எனும் பெறுமானம் வரலாம். அதற்கும் வெளியீடு 0 ஆதல் வேண்டும். இதனை எழுதுபவர் எல்லைப் பெறுமானங்களை நன்கு விளங்கியவர்.

(இ) தாமதநாட்கள் எனும் இயல்பின் கணிப்பே பிழையாக இருத்தல். உதாரணமாக, ஒப்படைக்க வேண்டிய நாளையும் தாமதமாக எண்ணினால் உரிய நாளில் நூலைக் கொண்டுவரும் மாணவரிடமும் 2 ரூபா அறவிடப்படும். 7 நாள் தாமதித்தவர் 14 ரூபாவுக்குப் பதிலாக 40 ரூபா செலுத்த நேரிடும். சோதனையில் அவ்வியல்பு போலியாக இருந்தமையால் அதன் கணிப்பு ஒருமுறையேனும் இயங்கவில்லை. உண்மை இரவல் பொருளையும் தண்டம் எனும் சார்பையும் சேர்த்துச் செய்யும் ஒருங்கிணைப்புச் சோதனை இதனைக் கண்டறியும்.